இன்பாவின் கசப்பை வாங்கிக்கொண்ட வளவு

ஒரு சங்கு மருந்து ஒரு பிள்ளை தொண்டையில இறங்கணும்னு தெருவுல பாதி நாக்கு கசந்து கெடந்த கதையைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க, சிரிங்க, நானும் முதல்ல சிரிச்சவதான், என் நாக்கே கசந்து நான் அவிச்ச இடியாப்பத்துல உப்பு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போன அன்னைக்குத்தான் என் சிரிப்பு நின்னுது.

வளவுன்னா தூத்துக்குடிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்குச் சொல்லுதேன்: ஒரே வாசல், உள்ள எதிரும் புதிருமா ஓட்டு வீடுங்க, நடுவுல முத்தம், முத்தத்துல ஒரு தண்ணி பைப்பு, பைப்புக்குப் பின்னால சின்னதா ஒரு மாதா கெபி, கல்லுக் குகைக்குள்ள மாதா சொரூபம். வாசலை ஒட்டின முதல் வீடு கொர்னேலி அண்ணனுக்கு. வளவே அவருக்குத்தான் சொந்தம், கல்யாணம் கட்டாத மனுஷன், பைப்பு சொட்டினா அவருக்கு நெஞ்சு வலிக்கும். அடுத்த வீடு செல்லையா அண்ணன், பேக்கரியில மக்ரூன் போடுத மாஸ்டர், முட்டை வெள்ளையையும் சீனியையும் முந்திரிப் பொடியையும் வச்சு அவரு பிழியுத மக்ரூனை வாங்க ரயிலேறி வருவாங்க. அதுக்கடுத்து நான், எஸ்தர், வாசல்ல இடியாப்பம் வச்சு விக்கிறவ, புருசன் போய்ச் சேர்ந்துட்டாரு, வாய் கொஞ்சம் நீளம். எனக்கு நேர் எதிர்ல சகாயம், இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போறவ. அவ மகதான் இன்பெண்டா, ரெண்டரை வயசு, எங்க எல்லாருக்கும் இன்பா.

இன்பாவோட அப்பா ரெமி, பிள்ளை தொட்டில்ல கெடக்கும்போது தோணியில மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போனவன். அங்க இறங்கி, சம்பளம் கூடுதல்னு எவனோ சொன்னதைக் கேட்டு, ஒரு பெரிய கப்பல்ல ஏறிட்டான். கொஞ்ச நாள் போன் வந்துது. பொறவு வரல. ஏஜென்ட்டைப் போய்க் கேட்டா "வந்துருவாரும்மா, கடல் வேலைன்னா அப்படித்தான்"னு சொல்லுவான், ஒரு வருசம் தாண்டியும் அதையேதான் சொன்னான். சகாயம் வீட்டுச் சுவர்ல ரெமி படம் தொங்குது, அதுக்கு மாலை கெடையாது. தெனம் காலையில அவ முந்தானையால அதைத் தொடைப்பா, தொடைச்சிட்டு நம்மளைப் பாத்தா எதாவது கேப்போமோன்னு முகத்தைத் திருப்பிக்கிடுவா.

இப்படி இருக்கையில இன்பாவுக்குச் சாயங்காலமானா லேசா மேல் சுட்டுது, கழுத்துல நெறி கட்டிச்சு, தூக்கினா கையில கனமே இல்ல. டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்து, பிரைமரி காம்ப்ளக்ஸ், சின்னப் பிள்ளைங்களுக்கு வார காசம், பயப்படாதீங்க, ஆறு மாசம் தெனம் காலையில வெறும் வயித்துல மருந்து, முழுசா குணமாயிரும், ஆனா நடுவுல நிறுத்தினீங்கன்னா நோய் மருந்துக்கு மசியாமப் போயிரும், அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. சகாயம் அதைக் கேட்டுட்டு வந்து பைப்படியில குடத்தை வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டா. அவளுக்குன்னு கையில இருந்தது அந்தப் பிள்ளை ஒண்ணுதானே.

மாத்திரையை நுணுக்கித் தண்ணியில கரைச்சா செவந்த மாதிரி ஒரு தண்ணி, கசப்புன்னா கசப்பு, வேப்பங்கொழுந்தெல்லாம் அதுக்கு முன்னால கருப்பட்டி. இன்பா சங்கைக் கண்டாலே வாயைப் பூட்டிருவா. தேன்ல குழைச்சோம், தேனை நக்கிட்டு மருந்தைத் துப்பினா. வாழைப்பழத்துக்குள்ள வச்சோம், பழத்தை என் சேலையில தேச்சா. கொர்னேலி அண்ணன் பெரிய இவரு கணக்கா "மூக்கைப் பிடிங்க, வாய் தன்னால தொறக்கும்"னாரு, பிடிச்சோம், தொறந்துது, ஊத்தினோம், உள்ள இருந்ததையும் சேத்துக் கொண்டாந்து அவரு வெள்ளை வேட்டியிலயே கொட்டிட்டா. தெனம் காலையில பிள்ளை அழ, சகாயம் அழ, மருந்து தரையில கெடக்கும். "எஸ்தரக்கா, பிள்ளைக்கு நோய் போகுதோ இல்லையோ, என் வீட்டுத் தரைக்கு இனி ஒரு நோயும் வராது"ன்னு ஒருநாள் சொல்லிச் சிரிச்சா சகாயம், அந்தச் சிரிப்பு முடியுமுன்னயே அழுகை வந்துட்டு.

சோறுன்னா இன்பாவுக்குப் பிரச்சினை இல்ல. நம்ம பக்கம் பிள்ளைக்குச் சோறு ஊட்டுறதே பேர் சொல்லித்தானே, இது மாமாவுக்கு ஒரு வாய், இது பெரிம்மாவுக்கு ஒரு வாய், இது காக்காவுக்கு ஒரு வாய்னு, பிள்ளையும் யாருக்கோ போகுதுன்னு ஆசையா வாயைத் தொறக்கும். அன்னைக்குக் கம்பெனி வேன் வாசல்ல நின்னு ஆரன் அடிக்கி, சகாயம் மடியில பிள்ளை, கையில சங்கு, பறந்த பறப்புல இது மருந்துங்கதையே மறந்து, சோறு ஊட்டுத வாக்குல, "இது கொர்னேலி மாமாவுக்காம், ஆ"ன்னு சொல்லிட்டா. இன்பா "ஆ"ன்னா. மருந்து போச்சு. முகம் சுளிக்கல, துப்பல, நாக்கைச் சப்புக் கொட்டிட்டு அம்மாவைப் பாத்துச் சிரிச்சா. அதே நேரம் முதல் வீட்டுல கண்ணாடி முன்னால சவரம் பண்ணிக்கிட்டிருந்த கொர்னேலி அண்ணன் "த்தூ"ன்னு துப்பின சத்தம் வளவு பூரா கேட்டுது.

"எவ என் காப்பியில என்னத்தைக் கலந்தா?"ன்னு பாதி முகத்துல நுரையோட வெளிய வந்தாரு.

"அண்ணே, நீங்க இன்னும் காப்பியே குடிக்கலியே"ன்னேன்.

"அதான! குடிக்காமலே கசக்கே!"

பைப்படியில நின்ன நாங்க இன்பாவைப் பாத்தோம், காலிச் சங்கைப் பாத்தோம், கொர்னேலி அண்ணன் நாக்கை நீட்டித் தொடைச்சிக்கிட்டிருக்கதைப் பாத்தோம். "அப்ப நாளைக்கு யாரு பேரைச் சொல்ல?"ன்னு நான்தான் கேட்டேன். வேற என்னத்தைக் கேக்கச் சொல்லுதீங்க? எப்படி, ஏன்னு யோசிக்கதுக்குப் பொழுது கெடக்கு, பிள்ளை வயித்துல மருந்து இருக்குல்லா.

கொர்னேலி அண்ணனுக்குப் பகல் பூரா கசந்துது. மீன் கொழம்பு கசந்துது, வெத்தலை கசந்துது, எச்சில் கசந்துது. சாயங்காலம் சகாயம் வேலை விட்டு வரட்டும்னு சண்டைக்குக் காத்திருந்தவரு, அவ வந்து நின்னதும் தன் வீட்டு நாற்காலியை எடுத்து அவளுக்குப் போட்டாரு. "கசப்பு இப்பதான் எறங்குச்சு. எறங்கும்போது அடியில ஒரு ருசி வந்துது சகாயம். பால் வாசம். பிள்ளை வாய்ல அடிக்கும்லா, பாலும் பிஸ்கட்டுமா ஒரு வாசம், அது"ன்னாரு. அவரு பிள்ளை தூக்கி வளத்தவரு இல்ல, அந்த வாசம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் கேக்கல. "என் பேரைச் சொன்னதும் வாயைத் தொறந்துட்டாளாமே"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அந்த மாசம் பைப்பு சொட்டினதுக்கு ஒருத்தரையும் அவரு ஏசல.

அதுக்குப் பொறவு வளவுல ஒரு புது மரியாதை வந்துது. முந்தின நாள் சாயங்காலமே சகாயம் பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு ஒரு வீட்டு வாசல்ல வந்து நிப்பா, "நாளைக்கு உங்க பேரைச் சொல்லிக்கிடட்டுமா?"ன்னு கேப்பா, வீட்டுக்காரங்க இன்பா கன்னத்தைக் கிள்ளி "சொல்லிக்க தாயி"ம்பாங்க, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவங்களுக்குச் சொல்லுத மாதிரியே சொல்லி, ஒரு வாய் காப்பியும் கொடுத்து அனுப்புவாங்க. பேர் சொல்லப்பட்டவங்க மறுநாள் நல்லதா எதுவும் சமைக்க மாட்டாங்க, பழைய சோத்தைக் கண்ணை மூடிக்கிட்டு முழுங்குவாங்க. அன்னைக்கு அவங்ககிட்ட யாரும் சண்டை பிடிக்கக் கூடாது, கடன் கேக்கக் கூடாது. சாயங்காலம் அந்தப் பால் வாசம் வரும்போது வாசல்ல வந்து சும்மா உக்காந்திருப்பாங்க. என் முறை வந்தப்ப நானும் உக்காந்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த வாசத்துக்காகவே இன்னொரு நாள் கசக்கட்டும்னு இருந்துது.

வளவுக்குள்ள ஆள் தீந்துட்டு, தெருவுக்குப் போச்சு. டீக்கடை காஜா பாய் "நோன்பு நாள்ல சொல்லும்மா, எப்படியும் பகல்ல நான் ஒண்ணும் சாப்பிடப் போறதில்ல"ன்னாரு. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்ததும் பங்குச் சாமியாரே ஆள் விட்டு, வெள்ளிக்கிழமை எல்லாம் தன் பேருக்கு வச்சிக்கிடச் சொன்னாரு. கறியைத் தவிர்த்துப் பாத்தாச்சு, மோரைத் தவிர்த்துப் பாத்தாச்சு, இதுதான் சரியான தபசுன்னு பூசையிலயே சொல்லிட்டாரு, அதைக் கேட்டு கோயிலுக்கு வாரவங்க சகாயம் வீட்டு முன்னால வரிசை கட்டிட்டாங்க. ஓட்டுக் கேட்டு வந்த ஒருத்தரு, "உங்களுக்காக எதையும் தாங்குவேன்"னு முத்தத்துல நின்னு பேசினாரு, மறுநாளைக்கு அவரு பேரைச் சொல்லிட்டோம், அன்னைக்கு மேடையில அவரு பேச்சு அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிட்டுன்னு ஊரே சந்தோசப்பட்டுது. பின் தெருவுல இருந்து ஒருத்தி வந்து, என் நாத்தனா பேரைச் சொல்லுன்னு சகாயம் காதைக் கடிச்சா. "இது என் பிள்ளைக்கு மருந்துக்கா, உங்க வீட்டுச் சண்டைக்கு இல்ல. கொர்னேலி அண்ணனைக் கேக்காமச் சொன்னதுக்கே எனக்கு இன்னும் மனசு உறுத்துது"ன்னு அவளை வாசலோட அனுப்பிச்சிட்டா.

செல்லையா அண்ணனை மட்டும் நாங்க கேக்காம விட்டிருந்தோம், அவரு பிழைப்பே நாக்குலலா இருக்கு. அவருக்கு அதுல கோவம். "ஏன், நான் பிள்ளைக்கு மாமா இல்லையா?"ன்னு சகாயத்து வாசல்ல வந்து நின்னுட்டாரு. சரி போன்னு அவரு பேரைச் சொன்னா, அன்னைக்குப் பேக்கரியில மாவை ருசி பாத்துப் பாத்து, இனிப்பே தெரியலியே, இனிப்பே தெரியலியேன்னு சீனியை அள்ளி அள்ளிப் போட்டிருக்காரு மனுஷன். அந்த மக்ரூனைத் தின்ன சின்னப் பிள்ளைங்க மறுநாள் கடைக்கு வந்து, நேத்துப் போட்டது மாதிரியே வேணும்னு கால உதைச்சு அழுதுட்டுங்க. அன்னைக்கு ஏறின சீனி ஏறினதுதான். ஆனா அவருகிட்ட கேளுங்க, "நான் ஒரு கரண்டிகூடக் கூட்டல, எங்க அப்பா போட்ட அளவுதான் இன்னிக்கும்"னு மாதா மேல சத்தியம் பண்ணுவாரு, அவரு கும்பிடுத சாமி வேற, அதனால அந்தச் சத்தியத்தை நாங்க கணக்குல எடுக்கல.

கசப்பு மட்டும்தான் போகும், இதையும் சொல்லிரணும். சோறு ஊட்டும்போதும் பேர் சொல்லித்தான் ஊட்டுதோம், சோத்து ருசி யாருக்கும் போனதில்ல. திருவிழா அன்னைக்கு லட்டு கொடுத்து "இது பெரிம்மாவுக்கு"ன்னு சொல்லிப் பாத்தேன், என் வாய்க்கு ஒண்ணும் வரல, முழுசும் அவளே தின்னா. எனக்கு வந்து வாய்ச்சது அப்படி.

இன்னொரு விஷயமும் உண்டு, அதைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கு. ஒருநாள் மருந்தை என் வீட்டுல வச்சுக் கொடுத்தோம். சுவர்ல என் வீட்டுக்காரரு படம், மாலை போட்டு, சின்ன பல்பு எரியுது. இன்பா அதைக் கையைக் காட்டி, "பெரிப்பாக்கு"ன்னா. பிள்ளை ஆசையா கேக்குதேன்னு சகாயமும் "இது பெரியப்பாவுக்கு"ன்னு ஊட்டிட்டா. அவ்வளவுதான், பிள்ளை முகம் கோணிப் போச்சு, கசப்பு பூரா அவ நாக்குலயே நின்னுட்டு, காறித் துப்பி, அலறி, மூணு நாள் என் வீட்டு வாசப்படி மிதிக்கல. போனவங்க பேருக்குக் கசப்பு போகாது, திரும்பிப் பிள்ளை வாய்க்கே வந்துரும்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டோம். "உசுரோட இருக்கும்போதும் ஒரு உதவி கெடையாது, இப்பவும் பாரு"ன்னு படத்தைப் பாத்து ஏசினேன், ஏசிட்டு உள்ள போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

திரும்பி வந்து பாத்தா சகாயம் முகத்துல ரத்தமே இல்ல. பிள்ளையை நெஞ்சோட இறுக்கிக்கிட்டு நிக்கா, கண்ணு எதிர்வீட்டுச் சுவர்ல, மாலை போடாத படத்து மேல நிக்கி. அவ என்ன நினைச்சான்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல, வளவுல ஒருத்தரும் வாய் விடல. ஆனா அன்னையில இருந்து அவ எந்தப் பேரை வேணும்னாலும் சொன்னா, ரெமி பேரை மட்டும் சொல்லல. சோறு ஊட்டும்போது "இது அப்பாவுக்கு"ன்னு முன்ன சொல்லுவா, அதையும் நிறுத்திட்டா.

பெரியவங்க மறைக்கதைப் பிள்ளைங்க எங்க இருந்தாலும் மோப்பம் பிடிச்சிரும். மருந்து முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கு, இன்பாவுக்குக் கன்னம் உப்பிட்டு, வாய் நிறையப் பேச்சு வந்துட்டு, இன்னிக்கு யாருக்குன்னு அவளே கேட்டு அவளே பேரைச் சொல்லிக் குடிப்பா. ஒரு காலையில சங்கைக் கண்டதும் சுவரைப் பாத்துத் திரும்பி, "அப்பாக்கு"ன்னா.

"அப்பாவுக்கு வேண்டாம்மா. இன்னிக்குப் பெரிம்மாவுக்கு."

"பெரிம்மாக்கு வேணாம். மாமாக்கு வேணாம். அப்பாக்கு."

"அப்பாவுக்குக் கசக்கும்டா தங்கம்."

"அப்பா பாவம்"னு சொல்லி இன்பா உதட்டைப் பிதுக்கிட்டா. எல்லாருக்கும் கொடுத்துட்டு அப்பாவுக்கு மட்டும் கொடுக்காம விட்டுட்டாளே அம்மான்னு அந்தப் பிள்ளைக்கு வருத்தம். வாயைப் பூட்டிக்கிட்டா. அன்னைக்கு மருந்து போகல. மறுநாளும் போகல. கொர்னேலி அண்ணன் தன் பேரைச் சொல்லிக் கெஞ்சுனாரு, சாமியாரு வந்து கெஞ்சுனாரு, ம்ஹும். ரெண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளை நெத்தியைத் தொட்டா பழையபடி லேசா சுடுது. சகாயம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா, அந்தம்மா அந்தப் பக்கம் போட்ட சத்தம் முத்தத்துல நின்ன எனக்கே கேட்டுது.

வளவு ரெண்டா நின்னுது. கொர்னேலி அண்ணன், "சொல்லிரு சகாயம். பிள்ளை உசுரு முக்கியம்"னாரு. நான்தான் வேண்டாம்னேன். "திரும்பி வந்துட்டுன்னா? பிள்ளை நாக்குல கசப்பு நின்னுட்டா, பொறவு எந்தப் பேருக்கும் அது வாயைத் தொறக்காது. இவளுக்கு? இவ காலையில எந்திரிச்சு எந்தப் படத்தைத் தொடைப்பா? தெரியாம இருக்க வரைக்கும் அவ புருசன் இருக்கான், அண்ணே. தெரிஞ்சவ சொல்லுதேன்." செல்லையா அண்ணன் மட்டும் ஓசைப்படாம வீட்டுக்குப் போய், சீனித் தண்ணியைக் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டுச் செவப்பாக்கி ஒரு டம்ளர்ல கொண்டு வந்தாரு. "இதை அப்பாவுக்குன்னு கொடுத்துருவோம்மா. பிள்ளைக்கும் நிம்மதி, உனக்கும் பயமில்ல. நாளைக்கு மருந்தை வழக்கம்போல நம்ம பேருக்குக் கொடுத்துக்கலாம்."

சகாயம் அந்த டம்ளரை வாங்கி மோந்து பாத்தா. பொறவு திருப்பி அவரு கையிலயே கொடுத்தா. "சீனித் தண்ணியைக் காட்டி அப்பான்னு சொல்ல மாட்டேண்ணே. அவளுக்கு அப்பான்னு இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான்."

மறுநாள் தண்ணி வார நாள். முத்தம் பூரா குடம், பொம்பளைங்க, வாளி, ஏச்சுப் பேச்சு. சகாயம் வெளிய வந்து கெபிக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்தா, பிள்ளையை மடியில கெடத்தினா, மாத்திரையை நுணுக்கிக் கரைச்சா. யாரோ குடத்தை எடுக்க மறந்து, அது நெறைஞ்சு வழியுது, கொர்னேலி அண்ணன் அதைப் பாத்துக்கிட்டே நிக்காரு, மூடணும்னு அவருக்குத் தோணல. சகாயம் சங்கைப் பிள்ளை வாய்கிட்ட கொண்டு போனா. பிள்ளை முகத்தைப் பாத்துச் சொன்னா.

"இது ரெமிக்கு. உங்க அப்பா ரெமிக்கு."

இன்பா "ஆ"ன்னா.

மருந்து உள்ள போச்சு. பிள்ளை வாயை மூடினா. புருவம் ரெண்டும் கிட்ட வந்துது, மூக்கு சுருங்குச்சு, மாதாவே, வேண்டாம் மாதாவேன்னு நான் சேலைத் தலைப்பைக் கடிச்சிக்கிட்டு நிக்கேன். அவ அப்படியே முகத்தைச் சுருக்கி, ஒரு தும்மல் போட்டா. தும்மிட்டு நாக்கால உதட்டை நக்கினா. நக்கிட்டு, "இன்னும்"ன்னா.

சகாயம் கையில இருந்த சங்கு கீழ விழுந்து உருண்டுது. அவ பிள்ளை வயித்துல முகத்தைப் புதைச்சு அழுத அழுகையை நான் அதுக்கு முன்னயும் கேட்டதில்ல, பின்னயும் கேட்டதில்ல, பிள்ளைக்கு வயித்துல கிச்சுகிச்சு மூட்டுதாப்புல இருந்திருக்கும், அது கெக்கெக்கேன்னு சிரிச்சுது. இருக்கான். எந்தக் கடல்லயோ, எந்த ஊர்லயோ, அந்த நிமிசம் ஒருத்தன் வாய் கசந்து துப்பியிருக்கான். வளவே அழுதுது. நானும் அழுதேன், அதுல பாதி சந்தோசம், மீதி பொறாமை, எதுக்குப் பொய் சொல்லணும்? வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரு படத்து மாலையைச் சரி பண்ணிட்டு வந்து, வழிஞ்ச குடத்தைத் தூக்கினேன்.

மறுநாள் காஜா பாய் முறை. சகாயம் போய், "வேண்டாம் பாய், இனி எல்லாம் அவருக்குத்தான்"னுட்டா. கொர்னேலி அண்ணனுக்கு மனசு கேக்கல, "தெனமும் கசந்தா அவன் என்னத்தைத் தின்பான், பாவம்லா"ன்னாரு. "கசக்கட்டும்ணே. சாயங்காலம் அந்த வாசம் வரும்லா. அது எந்த வீட்டு வாசம்னு தெரியாமயா போயிரும்?"னா அவ. அந்த மாசம் பூரா ஒவ்வொரு காலையிலயும் அவ அந்தப் பேரைச் சொன்னா, முதல்ல மெதுவா, பொறவு சத்தமா, கடைசியில தெருவுல போறவங்களுக்கே கேக்கும்படி, வாசல்ல நின்னு ஒரு ஆளைக் கூப்பிடுத மாதிரி, ரெமிக்கு, ரெமிக்கு, ரெமிக்குன்னு சொன்னா.

மருந்து முடிஞ்சுது. டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்து, நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு, போய் நல்லா சோறு போடுன்னு அனுப்பிச்சிட்டாங்க. வந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் செல்லையா அண்ணன் பெரிய டப்பா நிறைய மக்ரூனோட முத்தத்துக்கு வந்து, கசந்த வாய் அத்தனையும் இனிக்கணும்னு ஆளுக்கு ஒண்ணா கொடுத்தாரு, சாமியாருக்கு, காஜா பாய்க்கு, கொர்னேலி அண்ணனுக்கு ரெண்டு. எனக்கு இனிப்பு தொண்டையை அடைச்சுது, ஆனா அதைச் சொல்லி யாரு அவருகிட்ட சத்தியம் வாங்க.

அப்பதான் சகாயம் போன் அடிச்சுது. என்னமோ நீளமான நம்பரு. அவ எடுக்காம அதையே பாத்துக்கிட்டு நிக்கா. நான்தான் பிடுங்கி, அழுத்தி, எல்லாருக்கும் கேக்க மாதிரி வச்சேன்.

இரைச்சல். பொறவு ஒரு குரல், "சகாயம்."

அவன் கூப்பிட்டா என்னென்ன ஏசணும்னு அவ ஒரு வருசமா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா, எனக்கே அதெல்லாம் தெரியும். அதுல ஒண்ணையும் எடுக்காம, பிள்ளையை மடியில வச்சுக்கிட்டுப் போனுக்குக் கிட்ட உக்காந்தா.

"முதலாளி கடன்னு கப்பலைத் துறைமுகத்துல கட்டிப் போட்டுட்டானுவ சகாயம். சம்பளமும் இல்ல, போனும் இல்ல. வெறுங்கையோட என்னன்னு கூப்பிடதுன்னு கெடந்துட்டேன். இப்ப ஒரு மாசமா தெனம் வாய் கசக்கு. பொழுதடைய ஒரு வாசம் வருது, பால் வாசம். தொட்டில்ல குனிஞ்சு முத்தங் கொடுக்கும்போது அடிக்கும்லா, அந்த வாசம். எனக்கு இருப்பு கொள்ளல. கரையில ஆள் ஆளா கெஞ்சி இந்தப் போனை வாங்கினேன். பிள்ளைக்கு என்ன செய்யுது? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் செய்யல"ன்னா சகாயம். கண்ணுல தண்ணி கொட்டுது, குரல் மட்டும் நிதானமா வந்துது. "நல்லாயிட்டா. மருந்தெல்லாம் நீங்கதான குடிச்சீங்க."

அந்தப் பக்கம் அவன் அழுதது கேட்டுது. இன்பா போனைப் பாத்தா, அம்மாவைப் பாத்தா, கையில வச்சிருந்த மக்ரூனைப் பாத்தா. அதுவரைக்கும் இனிப்பு யாருக்கும் போனதில்ல, நான்தான் முதல்லயே சொன்னேம்லா. அவளுக்கு அதெல்லாம் யாரு சொல்லியிருக்கா? போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டு போய், "இது அப்பாக்கு, ஆ"ன்னு சொல்லி, மக்ரூனை முழுசா தன் வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டா.

போன்ல அழுகை நின்னுது. ரொம்ப நேரம் வெறும் கடல் இரைச்சல். லைன் போயிட்டுன்னு நினைச்சு நான் போனை எடுக்கக் குனிஞ்சேன்.

"சகாயம்"னு ரெமி குரல் வந்துது. "செல்லையா அண்ணன் என்ன, சீனியைக் கூட்டிட்டாரா?"